நிர்வாகி பதவியிலிருந்து இறங்கிய கதை

எங்கள் வீட்டுக் கணினியில் எனக்கு நிர்வாகி உரிமை, அதாவது மென்பொருள்களை நிறுவவும் அமைப்புகளை மாற்றவும் உள்ள முழு அதிகாரம், கிடையாது. பாகம் பாகமாக வாங்கி அதைப் பொருத்தியவன் நான். விசிறியில் தூசி அடைத்தால் கழற்றி ஊதுபவனும் நான்தான். ஆனாலும் பிரின்டரை இயக்கும் டிரைவர் என்ற சின்ன மென்பொருளைப் போட வேண்டுமென்றால்கூட அடுத்த அறையிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டாக வேண்டும். இதைக் கேட்கும் நண்பர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, “அப்பாவுக்குத்தானே அந்தக் கட்டுப்பாடெல்லாம், உனக்கு எதற்கு?” என்பார்கள். நானும் பல வருடங்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கணினி தெரிந்தவன் நிர்வாகி, தெரியாதவருக்கு வரம்புள்ள கணக்கு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருக்கிறது என்று தெரிய, ஒரு காலை வேளையில் அப்பா கேட்ட ஒரு கேள்வி வேண்டியிருந்தது. அவர் அதைக் கேட்டு எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. இன்னும் பல் இடுக்கில் சிக்கிய நார்போல அது உறுத்திக்கொண்டிருக்கிறது.

முதன்முதலில் இதை முயன்றது விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில். 2001-ல் வந்த எக்ஸ்பி, நிறுவும்போது நாம் கொடுக்கும் பெயர்கள் அத்தனையையும் நிர்வாகிகளாக்கிவிடும், கடவுச்சொல்கூடக் கேட்காது. அதற்கு முன் வீடுகளில் இருந்த 95, 98 பதிப்புகளில் அப்படியொரு பாகுபாடே இல்லாததால், அந்தக் காலத்து மென்பொருள்கள் கண்ட இடத்தில் எழுதியே வளர்ந்தவை. எக்ஸ்பியில் ‘லிமிடெட்’ என்று ஒரு வகைக் கணக்கு இருந்தது. அப்பாவுக்கு அதைத் தொடங்கிக் கொடுத்தேன். இரண்டாம் நாளே, திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தை அவர் இருமுறை சொடுக்கினார். கணினியின் நேரத்தை மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை என்று ஒரு பெட்டி வந்து நின்றது. அவர் நேரத்தை மாற்ற வரவில்லை. அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி என்ன கிழமை என்று பார்க்க வந்தார். நாட்காட்டி இருந்ததும் நேரத்தைத் திருத்தும் சன்னலில்தான். அந்தச் சன்னலோ, திருத்த உரிமை உள்ளவருக்கு மட்டுமே திறந்தது. “என் வீட்டில் நான் கிழமை பார்க்கக் கூடாதா?” என்றார். ஒரு வாரம் தாக்குப்பிடித்தேன். பிறகு அவரையும் நிர்வாகியாக்கிவிட்டு ஓய்ந்தேன்.

2007-ல் விஸ்டா வந்தபோது இதைச் சரிசெய்தார்கள். யார் வேண்டுமானாலும் நாட்காட்டியைப் பார்க்கலாம், நேர மண்டலத்தை மாற்றலாம், கடிகார முள்ளை நகர்த்துவதற்கு மட்டும் நிர்வாகி வேண்டும் என்றானது. ‘லிமிடெட்’ என்ற பெயரும் போய் ‘ஸ்டாண்டர்ட்’ வந்தது. பெயர் மாற்றம்தானே என்று தோன்றலாம். வங்கியில் முப்பது வருடம் வேலை பார்த்த ஒருவரின் படத்துக்குக் கீழே ‘வரம்புக்கு உட்பட்டவர்’ என்று எழுதிவைத்து, தினமும் அதைச் சொடுக்கி உள்ளே வரச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

அடுத்த கணினியில் விண்டோஸ் 7 இருந்தது. அப்பா பணி ஓய்வு பெற்றிருந்த சமயம். இந்த முறை அவருக்குச் சாதாரணக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, “இதில் நீங்கள் எதை வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கலாம், கெடாது” என்று சொன்னேன். வள்ளல்போலத்தான் சொன்னேன். அவருக்கும் அது பிடித்திருந்தது. சிக்கல் என்று வந்தது ஒரே ஒரு முறை, அதுவும் அவரால் வந்ததல்ல. வீட்டு வரவுசெலவை எழுத அவரிடம் ஒரு பழைய கணக்கு மென்பொருள் இருந்தது. தரவுக் கோப்பைத் தன் நிறுவல் கோப்புறைக்குள்ளேயே எழுதிக்கொள்ளும் பழங்கால ரகம். ஒரு நாள் அதில் ஏதோ அமைப்பை மாற்ற, என் கணக்கிலிருந்து அதை நிர்வாகியாகத் திறந்தேன். எட்டு மாத வரவுசெலவைக் காணோம். நிறுவிய நாளில் இருந்த வெற்றுப் பேரேடு மட்டும் பல்லிளித்தது. அப்பாவிடம் சொல்லாமல் ஒரு மணி நேரம் வட்டு முழுக்கத் துழாவினேன். கடைசியில் அவருடைய கணக்கில் நுழைந்து திறந்தால், எட்டு மாதமும் ஒரு வரி குறையாமல் இருக்கிறது.

விஸ்டாவிலிருந்து வந்த ஏற்பாடு அது. உரிமையில்லாத பழைய மென்பொருள் ஒன்று ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறைக்குள் எழுத முயன்றால், விண்டோஸ் அதன் முகத்தில் கதவைச் சாத்துவதில்லை. எழுதிவிட்டதாக அதை நம்பவைத்து, கோப்பை அந்தப் பயனருக்குச் சொந்தமான ‘விர்ச்சுவல்ஸ்டோர்’ என்ற மறைவான கோப்புறையில் போட்டுவிடுகிறது. அப்பாவுக்கு ஒரு பேரேடு, எனக்கு ஒரு பேரேடு. மென்பொருளோ இருப்பது ஒன்றுதான் என்று நம்பிக்கொண்டிருக்கும். எக்ஸ்பியின் கடிகாரப் பெட்டி உண்மையைச் சொன்னது, மரியாதை இல்லாமல் சொன்னது. இது பொய் சொல்கிறது, ஆனால் யார் மனமும் நோகாமல். எனக்கு இந்தப் பொய் பிடித்துப்போயிற்று, ஒரு மணி நேர வியர்வையைக் கழித்துவிட்டால்.

மஞ்சள் பட்டை

இரண்டு வருடங்கள் இப்படி ஓடின. அதற்குப் பின் ஒரு நாள், பழைய சான்றிதழ்கள் பதினொரு பக்கங்களை ஸ்கேன் செய்து, ஒரே பிடிஎஃப் கோப்பாக்கி, மறுநாள் காலைக்குள் அனுப்ப வேண்டியிருந்தது. எப்போதும்போலக் கடைசி நேரத்தில் உட்கார்ந்தேன். மணி பதினொன்றரை. ஸ்கேனர் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனிக் கோப்பாகக் கொடுத்துவிட்டது. ஒன்றுசேர்க்க இலவச மென்பொருள் தேடினேன். தேடல் முடிவுகளின் உச்சியில் இருந்தது விளம்பரம் என்று தெரியும், தெரிந்தேதான் சொடுக்கினேன். பெரிய பச்சைப் பொத்தான். இறங்கிய கோப்பைத் திறந்ததும் திரை இருண்டது.

நடுவில், கணினியில் மாற்றம் செய்ய இந்த நிரலை அனுமதிக்கலாமா என்று விண்டோஸ் கேட்கும் அந்தப் பெட்டி. அதன் தலையில் மஞ்சள் பட்டை. விண்டோஸ் 7-ல் கையொப்பமிட்ட மென்பொருளுக்கு நீலப் பட்டை வரும், வெளியீட்டாளர் யாரென்று தெரியாவிட்டால் மஞ்சள். இதை நான் மற்றவர்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறேன். “மஞ்சள் வந்தால் கையை எடுத்துவிடுங்கள்” என்று அப்பாவிடமும் சொல்லியிருக்கிறேன். அன்றிரவு மஞ்சளைப் பார்த்தேனா என்றால், பார்த்தேன். பார்ப்பதற்கும் படிப்பதற்கும் நடுவில் இருக்கும் அந்த அரை நொடியில் கை ‘ஆம்’ என்பதை அழுத்திவிட்டிருந்தது. அதற்குப் பின் வந்த சன்னல்களில் ஏற்கெனவே குறியிடப்பட்டிருந்த கட்டங்கள் எத்தனை என்பது நினைவில்லை. அடுத்து, அடுத்து, அடுத்து, முடிந்தது. பதினொரு பக்கமும் ஒன்றாயின. அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் அப்பா கூப்பிட்டார். அவருடைய உலாவியில் முகப்புப் பக்கம் மாறியிருந்தது. முகவரிப் பட்டைக்குக் கீழே ஒரு கருவிப்பட்டை, அதன் கீழே இன்னொன்று. எந்தச் செய்தியைத் திறந்தாலும் ஓரத்திலிருந்து ஒரு விளம்பரம் சறுக்கிக்கொண்டு வந்தது. நான் குனிந்து பார்த்துவிட்டு, என் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை இதுதான்: “எதை அழுத்தினீர்கள், அப்பா?”

குரலில் கொஞ்சம் அலுப்பும் இருந்திருக்க வேண்டும். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். தான் தொட்டதையெல்லாம் மனதில் ஓட்டிப் பார்க்கிறார் என்பது தெரிந்தது. நாள் முடிவில் கையிருப்பு இடிக்கும்போது காசாளர் முகத்தில் வரும் பாவனை அது. பிறகு சொன்னார்: “நான் எதையும் போட முடியாதபடிதானே நீ வைத்திருக்கிறாய்? பிறகு இது எப்படி வந்தது?”

குத்திக்காட்டுவதற்காக அவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி முடித்திருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தான் ஏதோ ஒரு வழியில் காரணமாகிவிட்டோமோ என்ற சந்தேகம் அவருக்கு இன்னும் விலகவில்லை. எனக்கோ அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அவர் பக்கத்திலிருந்து வரவே முடியாது. முந்தின இரவு நிர்வாகியாக அழுத்திய ‘ஆம்’, அந்த மென்பொருளை என் கணக்குக்கு மட்டுமல்ல, கணினியைத் திறக்கும் எல்லோருக்கும் சேர்த்து நிறுவியிருக்கிறது. அதிலும் கணினி தொடங்கும்போதே, யாரும் உள்ளே நுழைவதற்கு முன்பே, இயங்குதளத்தின் அதிகாரத்தோடு எழுந்து பின்னணியில் ஓடும் ‘சேவை’ என்ற வகை நிரல் ஒன்றை அது வைத்துவிட்டுப் போயிருந்தது. பட்டியலில் போய் நீக்கினால் நீங்கியதுபோல இருக்கும், மறுமுறை தொடங்கினால் திரும்ப வந்திருக்கும். இரண்டு மாலைகள் மல்லுக்கட்டிவிட்டு, வட்டையே அழித்து எல்லாவற்றையும் புதிதாக நிறுவினேன்.

அழிப்பதற்கு முன் எதையெல்லாம் திரும்பப் போட வேண்டும் என்று பார்க்க, நிறுவியிருந்த மென்பொருள்களின் பட்டியலைத் தாளில் எழுதினேன். நாற்பத்துமூன்று. அதில் அப்பா பயன்படுத்துவது நான்கு. மீதி எல்லாம் நான் கொண்டுவந்து இறக்கியவை, பாதிக்கு மேல் எதற்கென்றே மறந்துபோனவை. கணினியைக் கெடுத்துவிடுவார் என்று யாருக்கு வேலி போட்டேனோ, அவர் வருடத்துக்கு ஒரு முறைகூட எதையும் நிறுவ விரும்பியதில்லை. தினமும் எதையாவது இறக்கி, பிரித்து, ஓட்டிப் பார்க்கிறவன் நான். வேலிக்குள் அவர் இருந்தார், வெளியே காளை திரிந்துகொண்டிருந்தது.

ஒரே சட்டையின் இரண்டு பைகள்

“நிர்வாகியாக இருந்தாலும் விண்டோஸ் ஒவ்வொரு முறையும் கேட்கிறதே, அது போதாதா?” என்று ஒரு நண்பர் வாதாடினார். விண்டோஸ் கேட்கும் அந்தக் கேள்வியின் உள்ளமைப்பு தெரிந்தால், அது போதாது என்பது புரியும். விஸ்டாவிலிருந்து, நிர்வாகியாக நுழைகிறவருக்கு விண்டோஸ் இரண்டு அனுமதிச் சீட்டுகளைத் தருகிறது. ஒன்றில் முக்கிய அதிகாரங்கள் கழிக்கப்பட்டிருக்கும், அன்றாட வேலை அதில் நடக்கும். இன்னொன்று முழு அதிகாரம் கொண்டது, ‘ஆம்’ அழுத்தும்போது அது வெளியே வருகிறது. இரண்டும் ஒரே சட்டையின் இரண்டு பைகளில்தான் இருக்கின்றன. சட்டைக்காரனின் கை எந்தப் பைக்கும் போகும். மைக்ரோசாஃப்டைச் சேர்ந்த மார்க் ருசினோவிச் 2007-லேயே இதை ஒளிக்காமல் எழுதினார்: இப்படி அதிகாரத்தை உயர்த்திக்கொள்வது ஒரு வசதிதான், பாதுகாப்பு எல்லை அல்ல. விஸ்டா தொட்டதற்கெல்லாம் கேட்கிறது என்று உலகமே சலித்துக்கொண்டதால், விண்டோஸ் 7-ல் இயங்குதளத்தின் சொந்த உறுப்புகள் பல, வழக்கமான அமைப்பில், கேட்காமலே முழு அதிகாரம் பெற்றன. அந்தச் சந்தில் புகுந்து பெட்டியே வராமல் மேலே ஏறும் வித்தைகளைத் தீய நிரல்கள் எழுதுகிறவர்கள் சீக்கிரமே கண்டுபிடித்தார்கள். சாதாரணக் கணக்கில் இரண்டாவது பை கிடையாது. வேறொருவரின் கடவுச்சொல் வந்தால்தான் அதிகாரம் வரும்.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறவர்கள் இங்கே காலரைத் தூக்கிவிட வேண்டியதில்லை. 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பிறந்த, ஒரு வேலைக்கு மட்டும் நிர்வாகி அதிகாரத்தை வாங்கித் தரும் ‘சூடோ’ கட்டளையும், 2004-ல் முதல் பதிப்பிலேயே ‘ரூட்’ என்ற முழு அதிகாரக் கணக்கைப் பூட்டிவிட்டு சூடோவை முன்னே நிறுத்திய உபுண்டு என்ற லினக்ஸ் வகையும் நல்ல மரபுதான். ஆனால் சூடோ கேட்பது என்னுடைய கடவுச்சொல்லையே. ஒருமுறை சொல்லிவிட்டால் சில நிமிடங்களுக்கு மறுபடி கேட்பதும் இல்லை. அதுவும் அதே சட்டைதான், பையில் ஒரு பொத்தான் கூடுதல். 2024-ல் விண்டோஸ் 11-க்காக மைக்ரோசாஃப்ட் அறிவித்த ‘நிர்வாகிப் பாதுகாப்பு’ ஏற்பாட்டில்தான் முழு அதிகாரம் ஒரு மறைவான தனிக் கணக்கில், அந்த ஒரு வேலைக்கு மட்டும் உருவாகி, முடிந்ததும் அழிகிறது. இரண்டு பைகளையும் இரண்டு சட்டைகளாக்கியே தீர வேண்டும் என்று அவர்களுக்கே தோன்றியிருக்கிறது.

புதிதாக நிறுவிய கணினியில் முதலில் ஒரு நிர்வாகிக் கணக்கைத் தனியாகத் தொடங்கினேன். அதில் நுழைந்து, என் கணக்கைச் சாதாரணமாக்கினேன். இந்த வரிசை முக்கியம். வேறு நிர்வாகி இல்லாதபோது, இருக்கும் ஒரே நிர்வாகியைக் கீழிறக்க விண்டோஸ் விடாது. பதவி இறங்கிய முதல் வாரம் கை நடுங்கியதெல்லாம் இல்லை. உண்மையைச் சொன்னால் பெரும்பாலான நாட்களில் எதுவுமே நடக்கவில்லை. உலாவி தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது, அதற்கென்று பின்னணியில் ஒரு சேவை ஓடுகிறது. ஆவணங்கள், படங்கள், பாட்டு எதுவும் என்னை நிறுத்திக் கேட்கவில்லை. தொந்தரவு கொடுத்தது வேறொன்று. நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடுத்து ஒரு மென்பொருளை நிறுவினால், அந்த நிறுவல் நடப்பது நிர்வாகியின் பெயரில். ‘இந்தப் பயனருக்கு மட்டும்’ என்று தேர்ந்தெடுத்தால், அந்தப் ‘பயனர்’ நான் அல்ல. குறுவழி போய் விழுவது, நான் ஒருபோதும் திறக்காத இன்னொரு மேசைத்திரையில். இரண்டு முறை இப்படித் தொலைத்தேன். மூன்றாவது முறைதான் ‘எல்லோருக்கும்’ என்ற தேர்வு எதற்கு இருக்கிறது என்பது மண்டையில் ஏறியது.

காக்காதவை

இந்தக் கட்டுரையை எழுதும் உற்சாகத்தில், சாதாரணக் கணக்கு இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று சொல்லிவிடக்கூடாது. நான் ஓட்டும் நிரல், நான் செய்யக்கூடியதையெல்லாம் செய்யும். என் புகைப்படங்களை அழிக்க எனக்கு யாருடைய கடவுச்சொல்லும் தேவையில்லை, ஆகவே என் பெயரில் ஓடும் நிரலுக்கும் தேவையில்லை. 2013 செப்டம்பரில் தலைகாட்டிய கிரிப்டோலாக்கர் என்ற தீய நிரல் உலகுக்குக் காட்டியது இதைத்தான். நிர்வாகி உரிமையைத் தேடி அது அலையவில்லை. பயனருக்கு எட்டும் கோப்புகளையெல்லாம், இணைத்துவைத்த வலையமைப்பு வட்டுகள் உட்பட, திறந்து படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்துவிட்டுப் பணம் கேட்டது. உலாவியில் திறந்து கிடக்கும் அஞ்சலும் அப்படித்தான். இயங்குதளத்தை மறுபடி நிறுவிவிடலாம், பத்து வருடப் படங்களை எங்கே போய் நிறுவுவது? வீட்டுக் கணினியில் அருமையான பொருளெல்லாம் சாதாரணக் கணக்கின் பக்கத்தில்தான் இருக்கிறது, பூட்டோ டிரைவர்கள் வைத்திருக்கும் அறைக்குப் போட்டிருக்கிறது என்று கேலி செய்கிறவர்கள் சொல்வதில் தப்பே இல்லை.

இருந்தும் அந்தப் பூட்டை நான் கழற்ற மாட்டேன். என் கணக்கில் தீப்பிடித்தால் அப்பாவின் கோப்புறைக்கு அது பரவாது, ஒரு சாதாரணப் பயனருக்கு இன்னொருவரின் கோப்புறையைத் திறக்கும் உரிமையே இல்லை. கோப்புகளின் முந்தைய நிலையை மீட்பதற்காக விண்டோஸ் எடுத்துவைத்திருக்கும் பழைய நிழல் நகல்களை அழிக்க நிர்வாகி வேண்டும், மறையாக்கிப் பணம் பறிக்கும் நிரல்கள் பலவும் முதல் வேலையாக அழிக்கப் பார்ப்பது அவற்றைத்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சேவை. கணினியோடு எழுந்து கணினியோடு தூங்கும் அந்தப் பிசாசைச் சாதாரணக் கணக்கிலிருந்து யாராலும் நட்டுவைக்க முடியாது. படங்களுக்குத் தனி வட்டு ஒன்று இருக்கிறது. நகலெடுத்ததும் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறேன். கழற்றுவதுதான் முக்கியம், செருகியே கிடக்கும் வட்டு இன்னொரு கோப்புறைதான்.

பெட்டகத்தின் சாவிகள்

சாதாரணப் பயனராகி ஒரு மாதம் ஆனபோது ஒரு விஷயம் கவனித்தேன். நிர்வாகியின் கடவுச்சொல்லை என் விரல்கள் தாமாகவே அடிக்கத் தொடங்கியிருந்தன. பெட்டி வரும், கை ஓடும், பன்னிரண்டு எழுத்து, என்டர். எதற்குக் கொடுத்தேன் என்று பத்து நொடி கழித்து யோசிப்பேன். ‘ஆம்’ என்ற ஒரு சொடுக்கைப் பன்னிரண்டு எழுத்தில் நீட்டி எழுதியிருந்தேன், அவ்வளவுதான். அரை நொடி ஒன்றரை நொடியாகியிருந்தது.

இதை ஒரு நாள் பேச்சுவாக்கில் அப்பாவிடம் சொன்னேன். அந்தக் காலை வேளையைப் பற்றி அவரிடம் அதற்கு முன்பே ஒப்புக்கொண்டுவிட்டேன், ஆனால் மூன்று நாள் கழித்துத்தான் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவர் சிரித்தார். “பெட்டகத்துக்கு ஏன் இரண்டு சாவி தெரியுமா? மேலாளர் திருடன் என்பதற்காக இல்லை. ஒரே ஆளிடம் இரண்டும் இருந்தால், அவசரத்தில் எண்ணாமல் வைப்பான், எண்ணாமல் எடுப்பான். இன்னொரு ஆள் வந்து நிற்க வேண்டும் என்றால், அவன் வருவதற்குள் நமக்கே நிதானம் வந்துவிடும்.” முப்பது வருடமும் அவருடைய இடுப்பில் ஒரு சாவி இருந்தது. இன்னொன்று எப்போதும் வேறொருவரிடம். மற்றவர் விடுப்பில் போகிற நாளில் சாவியைக் கைமாற்றிக் கையெழுத்து வாங்குவதே பெரிய சடங்காக இருக்கும் என்பார்.

பிற்பாடு, கணினிப் பாதுகாப்பின் அடிப்படை நூல்களில் ஒன்றுபோல எல்லோரும் மேற்கோள் காட்டும் கட்டுரை ஒன்றைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975-ல் எழுதியது. ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு பயனரும், வேலை முடியத் தேவையான மிகக் குறைந்த அதிகாரத்தோடு மட்டும் இயங்க வேண்டும் என்ற கொள்கை அதில் இருக்கிறது. அதற்கு அவர்கள் முதலில் சொல்லும் காரணம் எதிரியின் தாக்குதல் அல்ல. விபத்தாலும் தவறாலும் வரும் சேதத்தைக் குறைப்பது. பதினொன்றரை மணிக்குத் தூக்கக் கண்ணோடு உட்கார்ந்திருப்பவனைத்தான் முதலில் நினைத்திருக்கிறார்கள். அதே பட்டியலில் இன்னொரு கொள்கை: ஒரே சாவியால் திறக்கும் பூட்டைவிட இரண்டு சாவிகள் கேட்கும் பூட்டு உறுதியானது. கணினிகளுக்கும் இது பொருந்தும் என்று 1973-ல் சுட்டிக்காட்டியவர் பிரிட்டிஷ் கணினி அறிஞர் ரோஜர் நீதம் என்கிறார்கள். எடுத்துக்காட்டாக அவர்கள் தருவது, வங்கிப் பாதுகாப்புப் பெட்டகம். அப்பாவிடம் காட்டினேன். “வங்கியில் ஒரு கடைநிலை ஊழியரைக் கேட்டிருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்பார்” என்றார்.

அன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றினோம். நான் சொன்ன யோசனை, அதை முழுக்க அவரே வைத்துக்கொள்ளட்டும் என்பது. அவர் ஒப்பவில்லை. “இரண்டு சாவியும் என்னிடமே இருந்தால் அதற்கு என்ன பெயர்?” என்று கேட்டார். முன்பாதி நான் அமைத்தேன், பின்பாதி அவர். என் பாதி அவருக்குத் தெரியாது, அவருடையது எனக்குத் தெரியாது. அவசரத்துக்கென்று இரண்டு பாதிகளையும் தனித்தனித் தாளில் எழுதி, ஒரே உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் குறுக்காக இருவரும் கையெழுத்திட்டோம். உறை அலமாரியில், அந்த வட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதுவரை பிரிக்கவில்லை.

சாதாரணப் பயனரின் திரைக்கு நிர்வாகி வந்து கடவுச்சொல் கொடுப்பதை மைக்ரோசாஃப்டின் ஆவணங்கள் ‘தோளுக்கு மேலாக’ என்ற பெயரில் குறிப்பிடுகின்றன. எங்கள் வீட்டில் அது சொல்லுக்குச் சொல் உண்மை. அப்பா பின்னால் வந்து நின்று, என் தோளுக்கு மேலாகத் திரையைப் படிப்பார். முழுவதும் படிப்பார். வெளியீட்டாளர் பெயரை வாய்விட்டுப் படிப்பார். பிறகு, “எதற்கு?” என்பார். சில நாட்களில் அந்தக் கேள்வி வந்ததும் நானே ‘இல்லை’யை அழுத்திவிடுகிறேன். அவர் சொல்வதெல்லாம் சரி என்றும் நினைக்க வேண்டாம். போன மாதம் ஸ்கேனர் மென்பொருளுக்கு ஒரு புதுப்பிப்பு வந்தது, பாதுகாப்புக் குறை ஒன்றைச் சரிசெய்ய வந்த, கட்டாயம் போட்டாக வேண்டிய புதுப்பிப்பு.

“எதற்கு?” என்றார்.

“ஸ்கேனருக்குப் புதிய பதிப்பு, அப்பா.”

“பழையது ஓடவில்லையா?”

“ஓடுகிறது.”

“ஓடுகிறதை எதற்குத் தொட வேண்டும்?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். மறுநாள் அதைப் பற்றி மறுபடி ஆரம்பித்தேன். ஓடுகிற மென்பொருளிலும் ஓட்டை இருக்கலாம் என்பதையும், அந்த ஓட்டை தெரிந்துவிட்டால் வெளியே இருப்பவன் என்ன செய்வான் என்பதையும், பூட்டு நன்றாகத் திறந்து மூடினாலும் சாவியின் அச்சு வெளியே போய்விட்டதென்று தெரிந்தால் வங்கியில் என்ன செய்வார்கள் என்பதையும் சொன்னேன். கால் மணி நேரம் ஆயிற்று. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து, நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியில் இருந்ததை இன்னொரு முறை முழுக்கப் படித்தார். நீலப் பட்டைதானா என்று உறுதிசெய்துகொண்டார். நான் என் பாதியை அடித்தேன்.

“சரி, நீ அந்தப் பக்கம் திரும்பிக்கொள்” என்றார்.